பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது, சம்பளம் தருவது யார்?

வாசகர் கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகள் ஸ்பீச் தெரபிஸ்ட். 2014இல் காலேஜ் சேர்ந்து, 2020 மே மாதம் மாஸ்டர்ஸ் முடித்தாள். முதல் வருஷம் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) நேரடியாக வேலை பார்த்தாள். 2021 ஆகஸ்டிலிருந்து ஒரு ஏஜென்சி மூலமாகப் பப்ளிக் ஸ்கூலில் வேலை. கல்விக் கடன் 1,04,000 டாலர் இருக்கிறது. பத்து வருஷம் பொதுச் சேவை செய்தால் மீதியைத் தள்ளுபடி செய்வார்கள் என்று நம்பியிருந்தோம். போன மாதம் விண்ணப்பித்ததற்கு, உங்கள் முதலாளிக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்துவிட்டது. அரசுப் பள்ளிக்கே தகுதி இல்லையா? மகன் டாக்டர். ஓஹாயோவில் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2019 முதல் 2022 வரை ரெசிடென்சி என்ற பயிற்சிப் பணியை முடித்து, 2022 ஆகஸ்டிலிருந்து ஃப்ரெஸ்னோ பக்கம் லாப நோக்கற்ற மருத்துவமனை ஒன்றில் இருக்கிறான். சம்பளம் தருவது டாக்டர்கள் குழு ஒன்று. அதனால் தனக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்கவே இல்லை. அவனுக்கு 2,40,000 டாலர் கடன். சேவ் என்ற தவணைத் திட்டத்தில் இருந்தான், 2024 நடுவிலிருந்து பணம் கட்டவில்லை. 1,200 டாலர் கொடுத்தால் இருவருக்கும் தள்ளுபடி வாங்கித் தருவதாக ஒரு கம்பெனி கூப்பிட்டுச் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் இருவருமே ஒப்பந்த முறையில் வேலை செய்கிறவர்கள். கிடைக்கும் என்று மகள் நம்பினார், கிடைக்காது என்று மகன் நம்பினார். உண்மை நேர்மாறாக இருக்கிறது. மகள் ஏஜென்சியில் வேலை செய்த காலம் கணக்கில் வராது. மகனுக்கு அநேகமாக வரும். அவர் ஏற்கெனவே பாதித் தூரத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கலாம்.

பி.எஸ்.எல்.எஃப் (பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி) என்கிற இந்தத் தள்ளுபடி 2007இல் ஜார்ஜ் புஷ் காலத்தில் சட்டமானது. மத்திய அரசின் டைரக்ட் லோன் வகைக் கடனுக்குத்தான் இது. தகுதியுள்ள முதலாளியிடம் முழுநேர வேலையில் இருந்துகொண்டு, வருமானத்தைப் பொறுத்துத் தவணை குறிக்கும் திட்டம் ஒன்றில் 120 மாதத் தவணை கட்டினால், மிச்சம் தள்ளுபடி. தள்ளுபடியான தொகைக்கு மத்திய வருமான வரியும் கிடையாது. முழுநேரம் என்றால் வாரம் சராசரி 30 மணி நேரம். 120 மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் நாலு வருஷம் வேறு எங்கோ போய்விட்டுத் திரும்பினாலும் பழைய மாதங்கள் அப்படியே இருக்கும்.

பலருக்குக் குழப்பம் வருவது முதலாளி விஷயத்தில். மத்திய, மாநில, உள்ளாட்சி அரசு அமைப்புகள், பழங்குடி அரசுகள், வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் லாப நோக்கற்ற அமைப்புகள், இவையெல்லாம் தகுதியுள்ளவை. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் இதில் அடக்கம். ஆனால் நீங்கள் செய்யும் வேலை சேவையா, எந்தக் கட்டடத்தில் நின்று செய்கிறீர்கள் என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. உங்களை வேலைக்கு வைத்திருப்பது யார், வருஷக் கடைசியில் டபிள்யூ-2 என்ற சம்பளக் கணக்குப் படிவத்தைத் தருவது யார் என்றுதான் பார்க்கிறது. லாபத்துக்கு நடக்கும் ஒரு கம்பெனி அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு ஆள் அனுப்பினால், கணக்கில் வருவது அந்தக் கம்பெனியின் தகுதி. ஒப்பந்தம் போட்ட அரசாங்கத்தின் தகுதி அந்த ஊழியருக்கு ஒட்டாது.

உங்கள் மகளுக்கு நடந்தது இதுதான். பேச்சு வராத ஒரு குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, ஒரு சொல்லை வரவழைக்க வாரக்கணக்கில் பாடுபடுகிறார். பக்கத்து அறையில் டிஸ்ட்ரிக்ட் ஊழியராக இருக்கும் தெரபிஸ்ட் செய்வதும் அதே வேலைதான். அவருக்குத் தள்ளுபடி உண்டு, உங்கள் மகளுக்கு இல்லை. இது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிகளில் தெரபிஸ்ட் பற்றாக்குறை இருப்பதால்தான் டிஸ்ட்ரிக்ட்டுகள் ஏஜென்சியிடம் போகின்றன. அந்தப் பற்றாக்குறையை வந்து நிரப்புகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்பது வருத்தமான விஷயம். ஆனாலும் இன்றைய விதி இது. மேல்முறையீடு, மறுபரிசீலனை என்று அலைவதால் இந்தப் பதில் மாறாது.

மாறக்கூடிய சூழ்நிலை இரண்டு உண்டு, அவற்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். அந்த ஏஜென்சியே லாப நோக்கற்றதா என்பது முதலாவது. கலிஃபோர்னியாவில் சிறப்புக் கல்விக்கு ஆள் தரும் தனியார் ஏஜென்சிகளில் சில 501(சி)(3) அமைப்புகள். டபிள்யூ-2 படிவத்தில் 'பி' கட்டத்தில் முதலாளியின் ஒன்பது இலக்க எண் இருக்கும். மத்திய அரசின் கல்விக் கடன் தளமான ஸ்டூடண்ட்எய்டு தளத்தின் முதலாளி தேடலில் அந்த எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். மகளுக்கு ஏற்கெனவே மறுப்பு வந்துவிட்டது என்பதால், விண்ணப்பத்தில் சரியான எண்தான் போனதா என்று பார்த்தால் போதும். இரண்டாவது, ஏஜென்சி வெறும் சம்பளப் பட்டுவாடா வேலையை மட்டும் செய்கிறதா என்பது. தகுதியுள்ள முதலாளி தன் சொந்த ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் வேலையை வெளிக் கம்பெனி ஒன்றிடம் விட்டிருந்து, டபிள்யூ-2 அந்தக் கம்பெனி பெயரில் வந்தாலும், ஊழியருக்குத் தகுதி உண்டு. ஆனால் உங்கள் மகளை ஏஜென்சிதான் தேர்வு செய்து, சம்பளம் பேசி, பள்ளிக்கு அனுப்பியிருக்கிறது என்றால் அது பட்டுவாடா ஆகாது. இந்த விதியை இழுத்து வளைத்துப் படிவத்தில் எழுதச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுவது உங்கள் மகள்.

சரி, அவருக்கு என்ன வழி? முதலில் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்த வேண்டும். 2020-21இல் டிஸ்ட்ரிக்ட்டில் நேரடியாக வேலை பார்த்தார் அல்லவா, அந்தக் காலம் கணக்கில் வரும். படிப்பு முடிந்த பிறகான ஆறு மாத அவகாசம் சேராது. அதைக் கழித்துவிட்டால் 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜூன் வரை ஏழு மாதம் போல மிஞ்சும். அப்போது கொரோனாவுக்காகத் தவணைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒரு பைசா கட்டாவிட்டாலும் அந்த மாதங்கள் கட்டியதாகவே எண்ணப்படும். அந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குத் தனியாக ஒரு படிவம் அனுப்பிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வேலையை விட்டு எத்தனை வருஷம் ஆனாலும் கேட்கலாம்.

அடுத்தது பெரிய முடிவு. ஏஜென்சியை விட்டு டிஸ்ட்ரிக்ட்டிலேயே சேருவதா? கலிஃபோர்னியாவில் பள்ளியில் நேரடியாகச் சேர, ஸ்பீச் தெரபிக்கான பள்ளிச் சேவைச் சான்றிதழ் வேண்டும். முதல் வருஷம் டிஸ்ட்ரிக்ட்டில் இருந்திருக்கிறார் என்பதால் அது அவரிடம் இருக்கலாம், காலாவதி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஏஜென்சியில் மணிக்கணக்குச் சம்பளம் அதிகம் என்று தயங்குவார். அதனால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

டிஸ்ட்ரிக்ட்டில் 85,000 டாலர் சம்பளம், தனி ஆள் என்று வைத்துக்கொள்வோம். 2014 ஜூலைக்குப் பிறகுதான் முதன்முதலாகக் கடன் வாங்கினார் என்றால், வருமானத்தைப் பொறுத்த திட்டங்களில் ஒன்றான ஐ.பி.ஆர் திட்டத்தில் அவருடைய தவணை, வறுமைக்கோட்டுத் தொகையின் ஒன்றரை மடங்கைக் கழித்த வருமானத்தில் 10 சதவீதம். 2025ஆம் ஆண்டின் வறுமைக்கோடு தனி ஆளுக்கு 15,650 டாலர். கழித்துப் பார்த்தால் தவணை மாதம் 513 டாலர் வாக்கில் வரும். சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறும். வருஷம் 3 சதவீத உயர்வு என்று வைத்தால், 120 மாதத்தில் மொத்தம் 70,000 டாலர் போலக் கட்டுவார். தள்ளுபடியே இல்லாமல் அதே 1,04,000 டாலரை 6.5 சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் அடைத்தால், மாதம் சுமார் 1,180 டாலர், மொத்தம் ஏறக்குறைய 1,41,000 டாலர். வித்தியாசம் வருஷத்துக்கு 7,000 டாலர். ஏஜென்சியில் வரி போகக் கையில் கூடுதலாக நிற்பது இதைவிடக் குறைவு என்றால், டிஸ்ட்ரிக்ட் வேலைதான் லாபம். இதில் கலிஃபோர்னியா ஆசிரியர்களுக்கான கால்ஸ்டர்ஸ் ஓய்வூதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் நான் சேர்க்கவே இல்லை. ஏஜென்சி அதைவிட மிக அதிகம் தருகிறது என்றால், இருந்த இடத்திலேயே இருந்து கடனைச் சீக்கிரம் அடைப்பதும் மரியாதையான வழிதான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. தள்ளுபடி வரும் என்று நினைத்து ஏஜென்சியில் இருந்தபடியே குறைந்த தவணை கட்டிக்கொண்டிருப்பது மட்டும் கூடாது. வட்டி வளரும், மாதங்கள் சேராது.

டிஸ்ட்ரிக்ட்டில் முழுநேர இடம் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. தகுதியுள்ள இரண்டு முதலாளிகளிடம் பகுதிநேரமாக வேலை செய்து, மொத்தம் வாரம் 30 மணி நேரம் வந்தால் போதும். டிஸ்ட்ரிக்ட்டில் 18, லாப நோக்கற்ற கிளினிக் ஒன்றில் 12 என்றால்கூடச் சரி. கோடை விடுமுறையை நினைத்தும் பயப்பட வேண்டாம். பள்ளி ஒப்பந்தம் குறைந்தது எட்டு மாதமாக இருந்து, அந்தக் காலத்தில் வாரம் 30 மணி நேரம் வேலை செய்திருந்தால், வருஷம் முழுவதும் முழுநேரமாகவே கொள்ளப்படும்.

இனி மகன். இவருக்காகத்தான் இந்தப் பதிலைச் சீக்கிரம் எழுத நினைத்தேன்.

கலிஃபோர்னியாவில் மருத்துவம் பார்க்கும் உரிமை டாக்டருக்குத்தான் உண்டு, கம்பெனிக்குக் கிடையாது என்பது பழைய சட்டக் கொள்கை. டாக்டரின் முடிவில் முதலாளி மூக்கை நுழைக்கக் கூடாது என்பதற்காக வந்தது. இதன்படி பெரும்பாலான தனியார் மருத்துவமனைகள், லாப நோக்கற்றவை உட்பட, டாக்டரைச் சம்பள ஊழியராக வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் டாக்டர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து, அந்தக் குழு மருத்துவமனையோடு ஒப்பந்தம் போடுகிறது. எல்லோருக்கும் தெரிந்த கைசர் பெர்மனென்டேவிலும் இதே அமைப்புதான். மருத்துவமனைகளை நடத்துவது லாப நோக்கற்ற அமைப்பு, டாக்டர்கள் இருப்பது பெர்மனென்டே மெடிக்கல் குரூப் போன்ற தனிக் குழுக்களில். டெக்சாஸிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது.

பல வருஷமாக இந்த இரண்டு மாநில டாக்டர்கள், வேறு மாநிலத்தில் இதே வேலை செய்யும் நண்பர்களுக்குக் கிடைத்த தள்ளுபடி தங்களுக்கு மறுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாநிலச் சட்டம் நேரடி வேலையைத் தடுக்கிறது, மத்திய விதி நேரடி வேலை இல்லையே என்று தள்ளுகிறது. மருத்துவச் சங்கங்கள் விடாமல் கேட்டதன் பிறகு, 2022 நவம்பரில் கல்வித் துறை வெளியிட்ட புதிய விதியில் ஊழியர் என்பதன் வரையறையை விரித்தார்கள். 2023 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாநிலச் சட்டப்படி நேரடி ஊழியரைக் கொண்டு நிரப்ப முடியாத வேலையை, தகுதியுள்ள முதலாளிக்காக ஒப்பந்தத்தில் செய்கிறவரும் இப்போது ஊழியர்தான். டபிள்யூ-2 தரும் குழு லாபத்துக்கு நடப்பதாக இருந்தாலும் பரவாயில்லை. மகனிடம் கிடைக்காது என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் அநேகமாகப் பழைய விதியைச் சொல்லியிருப்பார்.

மகள் விஷயத்தில் இந்த விதி ஏன் உதவாது என்று கேட்பீர்கள். ஸ்பீச் தெரபிஸ்டை டிஸ்ட்ரிக்ட் நேரடியாக வைத்துக்கொள்ளச் சட்டத் தடை ஏதும் இல்லை, பலரை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஏஜென்சி வழியாக வரும் நர்ஸ், பிசிகல் தெரபிஸ்ட், பார்மசிஸ்ட் எல்லோருக்கும் இதே பதில்தான்.

மகன் விஷயத்தில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அவர் வேலை செய்யும் மருத்துவமனை உண்மையிலேயே தனியார் லாப நோக்கற்றதா, இல்லை கவுன்டி மருத்துவமனையா? கவுன்டி, பல்கலைக்கழக மருத்துவமனைகள் போன்ற சில இடங்களுக்கு டாக்டரை நேரடியாக நியமிக்கும் உரிமை உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் குழு மூலமாக வேலை செய்தால் இந்த விலக்கு பொருந்தாமல் போகலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தச் சிக்கல் இல்லை என்றே படுகிறது. இரண்டு மருத்துவமனைகளில் பணி பார்க்கிறார், அதில் ஒன்று லாபத்துக்கு நடப்பது என்றால், அங்கே செலவாகும் நேரத்தைக் கழித்துவிட்டு 30 மணி நேரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

படிவத்தில் முதலாளி என்ற இடத்தில் எழுத வேண்டியது மருத்துவமனையின் பெயரும் எண்ணும். குழுவின் எண்ணைப் போட்டால் உடனே மறுப்பு வரும். கையெழுத்துப் போட வேண்டியதும் மருத்துவமனையின் அதிகாரிதான். இங்கேதான் தாமதமாகும். மருத்துவமனையின் எச்.ஆர். அலுவலகத்தில் இவர் பெயர் ஊழியர் பட்டியலில் இருக்காது, அதனால் எங்கள் ஆள் இல்லை என்று கைவிரிப்பார்கள். டாக்டர்கள் விவகாரத்தைக் கவனிக்கும் மெடிக்கல் ஸ்டாஃப் அலுவலகத்தை அணுகச் சொல்லுங்கள். வேலை நேரம் குறித்துக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி அதோடு கொடுத்தால் வேலை சுலபமாகும். கையெழுத்துப் போட்டால் டாக்டரைத் தங்கள் ஊழியர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று சில மருத்துவமனைகள் தயங்கும். இப்படி ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களையும் சேர்த்துத்தான் ஊழியர் என்று படிவத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2022 ஆகஸ்டிலிருந்தே தேதி போடட்டும். புதிய விதி 2023 ஜூலையில்தானே வந்தது என்று தாமாகவே முந்தைய மாதங்களை வெட்டிவிட வேண்டாம்.

இப்போது எண்ணிப் பார்ப்போம். ரெசிடென்சியில் இருந்தபோது பல்கலைக்கழக மருத்துவமனைதான் நேரடியாகச் சம்பளம் தந்திருக்கும். படிப்புக்குப் பிந்தைய அவகாசத்தைக் கழித்தால் 2019 டிசம்பரிலிருந்து 2022 ஜூன் வரை 31 மாதம். அதற்கு அந்த மருத்துவமனையிடம் தனிப் படிவம். அப்புறம் 2022 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூன் வரை 23 மாதம். நடுவில் தவணை எதுவும் தவறவில்லை என்றால், இரண்டும் சேர்ந்து 54. ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் 120இல் 54 இருக்கிறது!

சேவ் திட்டம்தான் இவருடைய கடியாரத்தை நிறுத்தியது. நீதிமன்றத் தடையால் 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தில் இருந்தவர்களின் தவணைகளை நிறுத்தி வைத்தார்கள். கொரோனாக் காலத்து நிறுத்தம் மாதங்களாகச் சேர்ந்தது, இது சேராது. 2025 ஆகஸ்டிலிருந்து வட்டியும் ஏற ஆரம்பித்தது. சேவ் திரும்பி வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதற்கு முடிவு கட்டிவிட்டது. உடனடியாக ஐ.பி.ஆர் திட்டத்துக்கு மாற விண்ணப்பிக்கட்டும். முன்பு வருமானம் அதிகமுள்ள டாக்டர்கள் அதில் சேர முடியாது. அந்த நிபந்தனையை அதே சட்டம் எடுத்துவிட்டது. ஐ.பி.ஆரில் தவணைக்கு உச்சவரம்பும் உண்டு, பத்து வருஷத் திட்டத்தின் தவணையைத் தாண்டாது. 2026 ஜூலை முதல் நடைமுறை என்று சட்டம் சொல்லும் ராப் என்ற புதிய திட்டமும் பி.எஸ்.எல்.எஃப்புக்குச் செல்லும், ஆனால் அதில் அந்த வரம்பு கிடையாது. வருமானத்தைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். சேவில் வீணான மாதங்களைப் பின்னால் பணம் கட்டி மீட்கும் வழி ஒன்று இருக்கிறது. அந்த மாதங்களைச் சேர்த்தால் 120 நிறையும் என்ற கட்டத்தில்தான் அதைக் கேட்க முடியும், அதனால் இப்போது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

54 மாதம் உறுதியாகிவிட்டால் மிச்சம் 66. மாதம் 2,700 டாலர் வீதம் கட்டினாலும், 6.5 சதவீத வட்டியில் கடைசியில் 1,30,000 டாலர் போல மிஞ்சி நிற்கும். தள்ளுபடி ஆகக்கூடியது அவ்வளவு. கடனைச் சீக்கிரம் அடைக்கிறேன் என்று தவணைக்கு மேலே பணம் போடும் எண்ணம் இருந்தால் அதை விடச் சொல்லுங்கள், குறைந்தது இந்தப் படிவங்களுக்குப் பதில் வரும் வரையிலாவது.

வேலை மாறும் எண்ணம் இருந்தால் அதையும் யோசித்துச் செய்யட்டும். இந்த விலக்கு மாநிலச் சட்டத்தைப் பிடித்து வந்தது. மருத்துவமனையே டாக்டரை வேலைக்கு எடுக்கலாம் என்றிருக்கும் மாநிலத்துக்குப் போய், அங்கேயும் லாபத்துக்கு நடக்கும் குழு ஒன்றில் சேர்ந்தால் மாதங்கள் நின்றுவிடும். அங்கே மருத்துவமனையிலேயே நேரடியாகச் சேர்ந்தால் தொடரும்.

அந்த 1,200 டாலர் கம்பெனிக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஸ்டூடண்ட்எய்டு தளத்தில் இலவசமாகச் செய்யலாம். படிவம் நிரப்ப அங்கேயே ஒரு உதவிப் பகுதி இருக்கிறது, முதலாளியின் மின்னஞ்சலுக்கு அதுவே கையெழுத்துக்கு அனுப்பும். மகள் காலத்தைத் தகுதியாக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. மகனுக்குத் தேவையான மருத்துவமனைக் கையெழுத்தையும் அவர்களால் வாங்கித் தர முடியாது. இப்படிப்பட்ட கம்பெனிகள் முதலில் கேட்பது கணக்கின் கடவுச்சொல்லை. அதைக் கொடுத்துவிட்டால் திட்டத்தை மாற்றுவது, முகவரியை மாற்றுவது எல்லாம் அவர்கள் கையில் போய்விடும். பேச்சுவாக்கில் மகளோ மகனோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்று இரவே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கணக்கில் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தங்களுடையதாகவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.